திராட்சைச் சரிவில் ஒரு பழைய ஊர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், பிரான்சின் கிழக்கெல்லையில் உள்ள அல்சாஸ் வட்டாரத்தையும் அங்கே திராட்சைத் தோட்டங்கள் சூழ நிற்கும் ரிக்வீர் என்ற ஒயின் கிராமத்தையும் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, ஆண்டிறுதி விடுமுறைக்கும் அடுத்த ஆண்டுக்கும் திட்டமிடும் சிங்கப்பூர் வாசகர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் பணி ஓய்வு பெற்றவர்கள். நான் எப்போதாவது ஒரு கோப்பை ஒயின் குடிப்பேன்; அவர் தொடுவதே இல்லை. ஒயினுக்குப் பெயர்பெற்ற ஊருக்கு இவ்வளவு தொலைவு போவது எங்களுக்குப் பொருந்துமா? ஒரு பகல் போதுமா? (தோபாயோ வாசகர்)

பதில்: ஐயா, தாராளமாகப் போகலாம், ஆனால் ஒரு பகல் போதாது. இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். முதல் முறை சுற்றுலாப் பேருந்தில் போய் இறங்கியபோது எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். பெரிய தெருவில் கூட்டத்தோடு மேலே ஏறி, கூட்டத்தோடு கீழே இறங்கி, ஒரு காந்த வில்லை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். சில ஆண்டுகள் கழித்து, மனைவியோடும் அத்தையோடும், அதாவது என் மாமியாரோடும், அக்டோபரில் இரண்டு இரவுகள் தங்கியபோதுதான் அந்த ஊர் எங்களுக்குத் தன் முகத்தைக் காட்டியது. மாலை ஐந்து மணிக்குமேல் பேருந்துகள் கிளம்பிவிடுகின்றன. கல் பாவிய தெரு காலியாகிறது. வீடுகளுக்கு அடியில் உள்ள நிலவறைகளில் புதுச் சாறு புளித்துக்கொண்டிருக்கும் வாசனை, தரையோடு ஒட்டியிருக்கும் சிறு சன்னல்கள் வழியாகத் தெருவுக்கு வருகிறது. மாவு பொங்கும்போது வீட்டில் எழும் வாசனையோடு பழ வாசனையும் சேர்ந்தாற்போல் இருந்தது என்று அத்தை சொன்னார். அவர் வாழ்நாளில் ஒரு சொட்டு மது அருந்தாதவர்.

ரிக்வீரில் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான் வாழ்கிறார்கள். மதில் சூழ்ந்த பழைய ஊரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பத்து நிமிடத்தில் நடந்து கடந்துவிடலாம். மேல் முனையில் டோல்டர் என்னும் வாயில் கோபுரம் நிற்கிறது. 1291இல், ஊருக்கு மதில் எழுப்பியபோது கட்டியது அது. ஊருக்கு வெளியே பார்க்கும் பக்கம் காவற்கோட்டையைப் போல முரட்டுக் கல். உள்ளே பார்க்கும் பக்கமோ மரச்சட்டங்கள் தெரியக் கட்டிய வீட்டின் முகப்பு. பகைவருக்கு ஒரு முகம், ஊராருக்கு ஒரு முகம். அதிலிருந்து கீழிறங்கும் தெருவின் இருபுறமும் பெரும்பாலும் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ஒயின் விற்றுச் செழித்தவர்கள் கட்டிய வீடுகள். பெரிய வளைவு வாயில்கள் எதற்காக என்று கேட்டால், அறுவடை ஏற்றிய வண்டி முற்றத்துக்குள் வருவதற்காக என்று விடை வரும். ஊரின் அழகு என்று நாம் படம் எடுப்பதில் பெரும்பகுதி தொழிலின் தேவைக்காக வந்தது. அதை உணர்ந்து பார்ப்பதற்கு ஒயின் குடிக்க வேண்டிய அவசியமில்லை.

உங்கள் மனைவி ஒயின் நிலவறைகளில் திராட்சைச் சாறு கேட்கலாம். பல குடும்பங்கள் தங்கள் தோட்டத்துப் பழத்திலிருந்து சாறும் பிழிந்து விற்கின்றன. நாம் கடையில் வாங்கும் பெட்டிச் சாற்றுக்கும் அதற்கும் உறவே இல்லை.

கேள்வி: பிரெஞ்சு ஊர் என்கிறீர்கள். ஆனால் ஊர்ப்பெயர், உணவின் பெயர், வீட்டுப் பெயர்ப்பலகை எல்லாம் ஜெர்மன் போல் இருக்கின்றனவே? (ஜூரோங் வாசகர்)

பதில்: அல்சாஸின் வரலாறே அதற்குக் காரணம். ரைன் ஆற்றுக்கும் வோஜ் மலைத்தொடருக்கும் இடைப்பட்ட அந்தச் சமவெளி 1871இல் ஜெர்மனிக்குப் போனது; முதல் உலகப் போருக்குப் பின் பிரான்சுக்குத் திரும்பியது; 1940இல் மீண்டும் ஜெர்மனி கைப்பற்றியது; 1944-45இல் மறுபடியும் பிரான்சின் கைக்கு வந்தது. 1870க்கு முன் பிறந்து 1945 வரை வாழ்ந்த ஒரு மூதாட்டி, தன் வீட்டு வாசலைத் தாண்டாமலேயே நான்கு முறை நாடு மாறியிருப்பார். ரிக்வீருக்கு இதற்கும் முந்திய கதை உண்டு. 1324 முதல் பிரெஞ்சுப் புரட்சிக் காலம் வரை அது ஜெர்மானிய வூர்ட்டெம்பெர்க் பிரபுக்களின் உடைமையாக இருந்தது. முதியவர்கள் இன்றும் பேசும் அல்சாசிய மொழி ஜெர்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. உணவுகளின் பெயர்கள் பெரும்பாலும் அந்த மொழியில்தான் இருக்கின்றன.

ஒயினிலும் இந்தக் கலப்பு தெரிகிறது. பிரான்சின் மற்ற வட்டாரங்களில் புட்டிமேல் பெரும்பாலும் ஊரின் பெயரோ தோட்டத்தின் பெயரோதான் இருக்கும். அல்சாஸில் ரீஸ்லிங், சில்வானர், பீனோ கிரி, மஸ்கா, கெவுர்ஸ்ட்ராமினர் எனத் திராட்சை வகையின் பெயரைப் பெரிதாக அச்சிடுகிறார்கள். புதிதாகப் போகிறவருக்கு இது பெரிய வசதி. புட்டியும் புல்லாங்குழல் போல ஒல்லியாக நீண்டிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரிக்வீர் இவ்வளவு முழுமையாக நிற்பதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கமும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. 1944 டிசம்பரில், கோல்மார் நகரைச் சுற்றி நடந்த கடும் போரில், நடந்துபோகும் தொலைவில் உள்ள பென்விர் கிராமம் ஏறக்குறைய முழுவதுமாக அழிந்தது, சிகோல்சைமும் அப்படியே. ரிக்வீர் தப்பியது. பென்விரில் இன்று நிற்பவை போருக்குப் பின் கட்டிய வீடுகள். படம் எடுக்க அங்கே எவரும் நிற்பதில்லை. ஆனாலும் நேரம் ஒதுக்கி அந்த ஊருக்கும் நடந்துபோய் வாருங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: என் மாமியார் சைவம். முட்டை மட்டும் சாப்பிடுவார். அல்சாஸ் உணவென்றால் பன்றி இறைச்சிதான் என்கிறார்கள். பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா? (ஈசூன் வாசகி)

பதில்: அம்மா, இதே கவலையோடுதான் நாங்களும் போனோம். என் அத்தை பட்டினி கிடக்கவில்லை. இரண்டாம் நாள் தாமே உணவுப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டார்.

முதலில் அவருக்குப் பிடித்தது பிபெலஸ்கேஸ். பாலைத் திரித்து வடித்த மென்மையான வெண் பாலாடைக்கட்டியில் பூண்டு, வெங்காயம், ஸ்பிரிங் ஆனியன் போன்ற பசுந்தழை, உப்பு, மிளகு சேர்த்துக் குளிரவைத்து, அருகில் வெண்ணெயில் வதக்கிய உருளைக்கிழங்கோடு வைக்கிறார்கள். கட்டித் தயிர்ப்பச்சடிக்கும் உருளைக்கிழங்கு வறுவலுக்கும் பழகிய நாக்குக்கு இதில் அந்நியமாக எதுவும் இல்லை. பண்ணைவீட்டுச் சாப்பாடு இது. சில கடைகளில் இதன் பக்கத்தில் பன்றி இறைச்சித் துண்டுகளை வைத்துவிடுவார்கள். வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து டார்ட் ஃபிளாம்பே. அல்சாசிய மொழியில் ஃபிளாமெகூஷெ. மிக மெல்லியதாகத் தேய்த்த மாவின்மேல் வெண் பாலாடைக்கட்டியும் பாலேடும் பூசி, வெங்காயத்தை மெல்லியதாகச் சீவிப் பரப்பி, விறகடுப்பில் சில நிமிடங்களே வாட்டி எடுப்பது. வழக்கமான வகையில் புகையூட்டிய பன்றி இறைச்சித் துணுக்குகள் இருக்கும். காளான் வகையோ வெறும் வெங்காய வகையோ கேட்டால் அவை இல்லாமல் செய்து தருவார்கள். பண்ணைகளில் வாரத்துக்கு ஒரு முறை ரொட்டி சுடும்போது, அடுப்பின் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முதலில் உள்ளே தள்ளியது இதைத்தானாம். கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்க முதல் தோசை ஊற்றுவது நமக்குத் தெரியாததா? நம் முதல் தோசை பெரும்பாலும் பிய்ந்துபோகும். அவர்களோ அந்த முதல் தகட்டையே ஊரின் பெருமையாக்கிவிட்டார்கள். மரப்பலகையில் வைத்துக் கொண்டுவந்து தருகிறார்கள். கத்தியும் முள்கரண்டியும் வேண்டியதில்லை. துண்டாக்கி, மடித்து, கையால் சாப்பிடுவதே அங்கே மரபு. அத்தையின் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் வரை போனால் வெள்ளைத் தண்ணீர்விட்டான் தண்டு, அதாவது ஆஸ்பரகஸ், கிடைக்கும். பல உணவகங்களில் அதை மூன்று வகை சாஸ்களோடு தட்டு நிறையத் தருவார்கள். மாவு, முட்டை இரண்டையும் பிசைந்து கொதிநீரில் இட்டு எடுக்கும் ஷ்பெட்ஸ்லெயும் உங்கள் மாமியாருக்குப் பொருந்தும். வெங்காய டார்ட்டில் சில சமையற்காரர்கள் இறைச்சித் துணுக்கு சேர்ப்பார்கள்; கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மிகக் கட்டுப்பாடான சைவர்களுக்கு ஒரு செய்தி. ஐரோப்பாவின் பாரம்பரியப் பாலாடைக்கட்டிகள் பலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைப் பயன்படுத்துகிறார்கள். அல்சாஸின் புகழ்பெற்ற மன்ஸ்டெரும் அந்த மரபைச் சேர்ந்ததே. அதுபோல ஒயினைத் தெளியவைக்க முட்டை வெண்கருவையோ பால் புரதத்தையோ மீனிலிருந்து கிடைக்கும் பொருளையோ சேர்ப்பவர்களும் உண்டு. உங்கள் மாமியார் இதையெல்லாம் பொருட்படுத்துபவராக இருந்தால் முன்னதாகவே தெரிந்துகொண்டு போவது நல்லது; சாப்பிட்ட பிறகு சொல்லி அவர் மனத்தை வருத்தாதீர்கள்.

கேள்வி: நாங்கள் முஸ்லிம் குடும்பம். பன்றி இறைச்சியும் மதுவும் இல்லாமல் அங்கே உள்ளூர் உணவு கிடைக்குமா? (பிடோக் வாசகி)

பதில்: கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பாதாம் தூவி வெண்ணெயில் பொரித்த நன்னீர் ட்ரௌட் மீன் நல்ல தேர்வு. சாற்றில் ரீஸ்லிங் ஊற்றியிருக்கிறார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அங்கே மீனுக்கும் கோழிக்கும் முட்டைக்கோசுக்கும் ஒயின் ஊற்றிச் சமைப்பது அன்றாட வழக்கம். பிபெலஸ்கேஸ், ஆஸ்பரகஸ், காளான் டார்ட் ஃபிளாம்பே ஆகியவற்றைப் பற்றி மேலே எழுதியது உங்களுக்கும் பொருந்தும். கூகல்ஹோஃப் என்னும் உயரமான, நடுவில் துளையுள்ள கேக்கில் போடும் உலர்திராட்சையைச் சிலர் செர்ரி மதுவில் ஊறவைப்பார்கள். ரொட்டிக்கடையில் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் எல்லாம் சாப்பிடுபவன். மூன்று வேளைக்கு என்ன சாப்பிடலாம், எதோடு எந்த ஒயின்? கெவுர்ஸ்ட்ராமினர் நம் ஊர் மசாலாவுக்கும் பொருந்தும் என்கிறார்களே, உண்மையா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: மூன்று வேளை சாப்பிடும் ஊரல்ல அது, ஐயா. இரண்டு வேளை ஒழுங்காகச் சாப்பிட்டாலே இரவில் நடை தேவைப்படும்.

காலையில் ரொட்டிக்கடைக்குப் போய் கூகல்ஹோஃப் ஒரு துண்டு வாங்குங்கள். அதைச் சுடும் முறுக்கிய மண் அச்சுகள் வடக்கே உள்ள சூஃப்லென்ஹைம் என்ற குயவர் ஊரில் செய்யப்படுகின்றன. வீட்டுச் சமையலறைச் சுவர்களில் அவை வரிசையாகத் தொங்குவதைக் காணலாம்.

மதியம் வின்ஷ்டூப் ஒன்றில் உட்காருங்கள். ஒயின் அறை என்பது அந்தச் சொல்லின் பொருள். மரப்பலகை போர்த்திய சுவரும் கட்டம்போட்ட மேசைவிரிப்பும் தோள் உரச உட்காரும் நெருக்கமும் கொண்ட எளிய உணவகம் அது. குளிர்காலமாக இருந்தால் பேக்கெஓஃப கேளுங்கள். மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, ஆட்டிறைச்சி மூன்றையும் வெங்காயத்தோடு வெள்ளை ஒயினில் இரவு முழுவதும் ஊறவைத்து, உருளைக்கிழங்கு வில்லைகளோடு மண்சட்டியில் அடுக்கி, மூடியின் விளிம்பை மாவால் அடைத்து, பல மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவிடும் உணவு. ரொட்டிக்காரரின் அடுப்பு என்று பெயர். திங்கட்கிழமை துணி துவைக்கும் நாளில், போகும் வழியில் பெண்கள் சட்டியை ரொட்டிக்கடையில் கொடுத்துவிட்டுப் போவார்களாம். ரொட்டி சுட்ட அடுப்பின் எஞ்சிய சூட்டில் அது வெந்துகிடக்கும். மாவு அடைப்பை மேசையில் உடைக்கும்போது தம் பிரியாணி அண்டாவைத் திறந்தாற்போல ஆவி எழுகிறது. நாம் எதிர்பார்க்கும் காரம் மட்டும் இருக்காது; முதல் மூன்று வாய்க்குப் பிறகு காரம் இல்லாததே அதன் அழகு என்று தோன்றும். இதற்கு ஊறவைத்த அதே வகை ஒயினைக் குடிப்பதுதான் முறை: பீனோ கிரியோ சில்வானரோ.

ஷூக்ரூட் பற்றி நம்மவர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். இழையாகச் சீவிய முட்டைக்கோசை உப்பிட்டு வாரக்கணக்கில் புளிக்கவைத்து, ரீஸ்லிங்கில் வேகவைத்து, மேலே தொத்திறைச்சியும் புகையூட்டிய பன்றி இறைச்சியும் அடுக்கித் தருவது. பனிக்காலத்துக்குக் காய்கறியைச் சேமிக்க வழி தேடியவர்களின் உணவு அது. உப்பு நார்த்தங்காயும் வடுமாங்காயும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அந்தப் புளிப்பைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. இதோடு ரீஸ்லிங்தான், புளிப்புக்குப் புளிப்பு பொருந்துகிறது. ரிக்வீருக்கு மேலே மதிலை ஒட்டி எழும் ஷோனன்பூர் சரிவு ரீஸ்லிங்குக்குப் பெயர்பெற்றது. அல்சாஸில் மிக உயர்ந்த தரம் பெற்ற 51 தோட்டங்களில் அதுவும் ஒன்று. ஊருக்குத் தெற்கே உள்ள ஷ்போரன் தோட்டமும் அந்த வரிசையில் சேர்ந்ததே; அது கெவுர்ஸ்ட்ராமினருக்குச் சிறந்தது. ஒரே ஊரின் இரண்டு சரிவுகள் இரண்டு வேறு திராட்சைகளுக்கு ஏற்றவையாக இருப்பதை ஒரே மாலையில், இரண்டு கோப்பைகளில் சுவைத்துப் பார்க்க முடியும். இந்த அனுபவத்துக்காகவே அந்த ஊருக்குப் போகலாம்.

இப்போது உங்கள் கெவுர்ஸ்ட்ராமினர். ஜெர்மன் மொழியில் கெவுர்ஸ் என்றால் மசாலா. ஆனால் அதில் காரம் ஏதும் இல்லை. மூக்கருகே கொண்டுபோனதும் ரோஜாவும் லைச்சிப் பழமும் மணக்கும். தேக்காவில் லைச்சி உரித்துச் சாப்பிட்ட எவரும் முதல் நொடியிலேயே அதைக் கண்டுகொள்வார்கள். புளிப்பு குறைவு, மதுவின் அளவு சற்று அதிகம், பலவற்றில் இனிப்பும் உண்டு. என் கருத்தில் அது இஞ்சி, ஏலம், தேங்காய்ப்பால் சேர்ந்த மிதமான குருமாவுக்குப் பொருந்தும். மீன்தலைக் கறிக்குப் பொருந்தாது. மிளகாய்க் காரத்தை மது இன்னும் கூர்மையாக்கும்; புளிக்கரைசலுக்கு முன் அந்த ரோஜா மணம் நிற்காது. அல்சாஸ்காரர்கள் அதை மன்ஸ்டெர் பாலாடைக்கட்டியோடு குடிக்கிறார்கள். வோஜ் மலையின் மடங்களில் தோன்றிய அந்தப் பாலாடைக்கட்டியின் மேல்தோலை உப்புநீரால் கழுவிக் கழுவிப் பழுக்கவைப்பதால் அதன் வாசனை மிகக் கடுமையாக இருக்கும். கருவாட்டுக்குப் பழகியவர்கள் அஞ்ச வேண்டாம். உள்ளே சுவை மென்மையானது. அதன்மேல் சீரகம் போலவே தோன்றும் சீமைச்சோம்பைத் தூவித் தருவார்கள். வேகவைத்த உருளைக்கிழங்கு, மன்ஸ்டெர், சீமைச்சோம்பு, ஒரு சிறு கோப்பை கெவுர்ஸ்ட்ராமினர்: நான் அந்த வட்டாரத்தில் சாப்பிட்டவற்றுள் இதற்கே முதலிடம் தருவேன்.

கேள்வி: ஒயின் நிலவறைக்குள் போனால் எப்படி நடந்துகொள்வது? ஒன்றும் தெரியாதவர்களை ஏளனமாகப் பார்ப்பார்களா? (சிராங்கூன் வாசகர்)

பதில்: பார்க்க மாட்டார்கள். பெரும்பாலான இடங்களில் உங்களுக்கு ஊற்றித் தருபவர் அந்தத் தோட்டத்துக் குடும்பத்தில் ஒருவராகவே இருப்பார். நுழைந்ததும் போன்ஜூர் என்று வணக்கம் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விலை கேட்பதுதான் அங்கே அவமரியாதை. இலேசான, இனிப்பற்றதிலிருந்து மணமும் இனிப்பும் மிக்கதற்கு என்ற வரிசையில் தருவார்கள்: சில்வானர், ரீஸ்லிங், பீனோ கிரி, கடைசியில் கெவுர்ஸ்ட்ராமினர். வரிசையை மாற்றிக் கேட்காதீர்கள். இனிப்புக்குப் பின் ரீஸ்லிங் எலுமிச்சைச் சாறு போலத் தோன்றும்.

துப்புவதற்கு ஒரு கலம் மேசையில் இருக்கும். வாயில் எடுத்துச் சுழற்றிவிட்டு அதில் துப்புவது நாகரிகக் குறைவல்ல. தொழில் தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். நான்கைந்து வகை பார்ப்பவர் எல்லாவற்றையும் விழுங்கினால் ஐந்தாவதைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. குறைந்தபட்சம் ஒரு சாண்ட்விச்சாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இனிப்புப் பிடிக்காதவர்கள் புட்டியில் செக் (sec) என்ற சொல்லைப் பார்த்து வாங்கலாம். தாமதமாகப் பறித்த பழத்தின் ஒயின் மிக இனிப்பானது, விலையும் கூடுதல். அதை உணவோடு குடிக்காமல் உணவுக்குப் பின் பாயசம் குடிப்பதைப் போலச் சிறிதளவு குடியுங்கள்.

நேரம் எடுத்து விளக்கியவரிடம் ஒரு புட்டியாவது வாங்குவது மரியாதை. கட்டாயமில்லை.

கேள்வி: எந்த மாதம் போகலாம்? எப்படிப் போய்ச் சேர்வது? கார் எடுக்கலாமா? (உட்லண்ட்ஸ், புங்கோல் வாசகர்கள்)

பதில்: அறுவடைக் காலமான செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் வரை என் தேர்வு. அப்போது பாதி புளித்த புது ஒயினை, கலங்கலாகவே, அக்ரூட் கொட்டையோடும் ரொட்டியோடும் தருவார்கள்; அது புட்டியில் அடைபட்டுச் சிங்கப்பூர் வர முடியாத பொருள், அங்கே போய்த்தான் குடிக்க வேண்டும். மழைக்கு அஞ்ச வேண்டாம். மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களை வோஜ் மலை தடுத்துவிடுவதால் கோல்மார் பிரான்சின் மிக வறண்ட நகரங்களில் ஒன்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மில்லிமீட்டர் மழைதான். நமக்கு 2,000க்கும் மேல். திராட்சை அங்கே நிதானமாகப் பழுப்பதற்கும் அதுதான் காரணம். நவம்பர் இறுதியில் தொடங்கும் கிறிஸ்துமஸ் சந்தைகள் அழகானவை. ஆனால் கூட்டம் தாங்க முடியாதது. நம் பள்ளி விடுமுறையும் அப்போதே வருவதால் பலர் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். அப்படியானால் வார நாளில் போங்கள்.

சாங்கியிலிருந்து சூரிக்குக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து ரயிலில் பாசல் ஒரு மணி நேரம். பாசலிலிருந்து கோல்மார் முக்கால் மணி நேரம். பாரிஸ் வழியாகப் போனால் விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் கோல்மார். அங்கிருந்து ரிக்வீர் 13 கிலோமீட்டர். பேருந்து இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அதை நம்பிவிடாதீர்கள். ரிக்வீரிலிருந்து தோட்டங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஹுனாவிர் வரும். அழிவின் விளிம்புக்குப் போன வெண்ணாரைகளை 1970களிலிருந்து வளர்த்து மீண்டும் பறக்கவிட்ட இடம் அங்கே உள்ளது. குழந்தைகளோடு போகும் புங்கோல் வாசகிக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். கோல்மாருக்குத் தெற்கே உள்ள எகிசைமில் தெருக்கள் கோட்டையைச் சுற்றி வளையம் வளையமாகச் செல்வதால் குழந்தைகள் தொலைய மாட்டார்கள். ஒரு சுற்று வந்தால் கிளம்பிய இடத்திலேயே நிற்பார்கள். போப்பாண்டவர் ஒன்பதாம் லியோ பிறந்த ஊராக அது அறியப்படுகிறது.

கார் எடுத்தால் ஓட்டுபவர் குடிக்கக் கூடாது. சிங்கப்பூரில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது என்பது வரம்பு. பிரான்சில் அது 50தான். இங்கே குற்றமாகாதது அங்கே குற்றமாகிவிடும்.

சாப்பாட்டு நேரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நம் உணவங்காடிப் பழக்கத்தை விட்டுவிட்டுப் போங்கள். மதிய உணவு பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை. அதன்பின் அடுப்பை அணைத்துவிடுவார்கள். இரவு ஏழுக்குத்தான் மீண்டும் திறப்பார்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் விடுமுறை வேறு. ஒரு நாள் இரண்டு மணி இருபது நிமிடத்துக்கு ஓர் உணவகத்தில் நுழைந்த எங்களை அங்கிருந்தவர் தலையை ஆட்டி அனுப்பிவிட்டார். உப்பு தூவிய பிரெட்செல் என்னும் முடிச்சு ரொட்டியை வாங்கி மதிலோரக் கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். முன்பதிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீருக்குக் குழாய் நீர்க் குடுவை கேட்டால் காசில்லாமல் தருவார்கள். விலையிலேயே வரியும் சேவைக் கட்டணமும் அடங்கியிருக்கும்.

சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 90 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நிரந்தரவாசிகளுக்கு ஷெங்கன் விசா தேவை. விடுமுறைக் காலத்தில் நேர்காணல் நாள் எளிதில் கிடைக்காது என்பதால் சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: எத்தனை புட்டி கொண்டுவரலாம்? (அங் மோ கியோ வாசகர்)

பதில்: உங்களுக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், 48 மணி நேரமாவது வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும், மலேசியாவிலிருந்து நுழையக் கூடாது, சொந்தப் பயன்பாட்டுக்கானதாக இருக்க வேண்டும். இவை பொருந்தினால் தீர்வை இல்லாமல் இரண்டு லிட்டர் ஒயின் கொண்டுவரலாம். வேறு மதுவகை கொண்டுவந்தால் ஒயினின் அளவு குறையும். 750 மில்லிலிட்டர் புட்டி இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். மூன்றாவது புட்டி வரம்பைத் தாண்டும். தாண்டினால் அஞ்ச வேண்டியதில்லை, விமான நிலையச் சுங்கத்தின் சிவப்புத் தடத்தில் போய் அறிவித்தால் போதும். ஒயினுக்குத் தீர்வை அதில் உள்ள மதுவின் லிட்டருக்கு 88 வெள்ளி. 13 விழுக்காடு மது உள்ள ஒரு புட்டியில் 0.0975 லிட்டர் மது இருக்கிறது. ஆகவே தீர்வை 8 வெள்ளி 58 காசு, அதோடு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. புட்டியைச் சட்டைகளுக்கு நடுவே சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். அல்சாஸ் புட்டியின் கழுத்து நீளமானது. முதலில் உடைவது அதுதான்.